டீபொட்டுக்கும் குளிரும்

ஸிப் ஒன்று வாங்கத்தான் போனேன்.

என் கணவரின் பயணப் பையில் ஸிப் கழன்று ஒரு மாதம். இன்றைக்கு, நாளைக்கு என்று டிசம்பர் முழுவதையும் ஓட்டி விட்டேன். ஜனவரியின் முதல் சனிக்கிழமை, இனியும் சாட்டுச் சொல்ல முடியாது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் அந்தக் கடை இருக்கிறது. பொத்தான், லேஸ், எம்ப்ராய்டரி நூல், வூல் – தைக்கிறவர்களுக்கும் பின்னுகிறவர்களுக்கும் வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும்.

கடைக் கண்ணாடியில் புதிதாக ஒரு அறிவித்தல். மூன்று மொழியிலும். புத்தாண்டு குரோஷே வகுப்பு... ஆறு சனிக்கிழமைகள்... காலை பத்து மணி...

மணியைப் பார்த்தேன். பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! போன வருடம் யோகா. அதற்கு முந்தைய வருடம் கேக் ஐஸிங். அதற்கும் முன்னால் ஸ்பானிஷ் மொழி. எதையும் நான் பெப்ரவரியைத் தாண்ட விட்டதில்லை. அந்தக் கதைகளையெல்லாம் இதே பத்திரிகைப் பத்தியில் எழுதி, நீங்களும் வாசித்துச் சிரித்திருக்கிறீர்கள். ஆனாலும் ஜனவரி வந்தால் எனக்குள் ஒரு புது மனுஷி வந்து குந்திக்கொள்கிறாள். என்ன செய்ய?

சேர்ந்து விட்டேன். ஸிப்பை மறந்து விட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் தலையில் கை வைத்தார்.

"இந்தக் கொழும்பு வெக்கையிலை வூலை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

நியாயமான கேள்விதான். பகல் பன்னிரண்டு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தையில் நின்று பாருங்கள்... கம்பளி என்று நினைத்தாலே வியர்க்கும். ஆனால் எங்களில் எந்த வீட்டுக்கு ஒரு குளிர் தேசம் இல்லை? ஒருவருக்கு லண்டன், ஒருவருக்கு டொரொன்டோ, இன்னொருவருக்குச் சூரிச். சுவரில் இரண்டு நாட்டு நேரத்துக்கு இரண்டு மணிக்கூடு மாட்டியிருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலைந்து உண்டு. ஆக, வூலுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

வகுப்பு கடையின் பின்பக்கம் நடந்தது. துணி வெட்டும் நீளமான மேசையைச் சுற்றி எட்டுப் பேர். மூலையில் ஒரு மின்விசிறி. அது எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் நூல் உருண்டைகள் மேசையை விட்டு ஓடும். நாங்கள் துரத்திப் பிடிப்போம். முதல் அரை மணித்தியாலம் பின்னியதை விடக் குனிந்து நிமிர்ந்ததுதான் அதிகம் – யோகாவுக்குப் பட்ட சிரமம் வீண் போகவில்லை.

டீச்சர் பெயர் ஜெனிட்டா. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். நாற்பது வருடமாகத் தேவாலயப் பீடத் துணிகளுக்கு லேஸ் ஓரம் பின்னுகிறவர். வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை பின்னிக்கொண்டே இருக்கும். ஒன்று மற்றதைக் கவனிப்பதில்லை.

அவருடைய வகுப்பில் ஒரு சட்டம். முதல் நாளே ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தான் எந்த புரொஜெக்ட் செய்யப் போகிறேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதை அவர் ஒரு பிரவுண் பேப்பரில் மார்க்கரால் பெரிதாக எழுதி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி விடுவார்.

"மனசுக்குள்ள வச்சிருந்தா யாரும் முடிக்க மாட்டாங்க. நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டா, வெக்கத்துலயாவது முடிப்பாங்க," என்றார்.

என்னைப் போன்ற ஆட்களை அவர் நிறையவே பார்த்திருக்கிறார் என்று விளங்கியது. எழுந்து, "தோளில் போடுகிற பை" என்றேன். பக்கத்தில் இருந்த ரிஸானா, தெஹிவளையிலிருந்து வருகிற சின்னப் பெண், போனுக்கு ஓர் உறை என்றாள். தமிழ் தெரியாத சந்தானி, மேசை விரிப்பு என்று சிங்களத்தில் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள்.

கடைசியாக எழுந்தவர் வாசுகி. நாற்பத்தைந்து வயது இருக்கும். இழுத்து வாரிக் கட்டிய தலை. பொரளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை என்று அறிமுகத்தில் சொல்லியிருந்தார்.

"டீபொட்டுக்கு ஒரு மூடி," என்றார். "சூடு ஆறாமல் இருக்க."

டீச்சர் எழுதினார். எல்லோரும் நூல் தெரிவு செய்யப் போனோம். வாசுகி எடுத்தது இளமஞ்சள். பஞ்சு மாதிரி மெத்தென்ற நூல். ஒவ்வோர் உருண்டையாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தார்.

இங்கேதான் என் வாய் தன் வேலையைக் காட்டியது.

"என்னப்பா, டீபொட்டுக்குப் போய் பேபி வூலோ? உது சின்னப் பிள்ளையளுக்குப் பின்னிற நூலெல்லோ! ஆருக்குப் பிள்ளை பிறக்கப் போகுது? சொல்லுங்கோவன், நாங்களும் சந்தோசப்படுவம்!"

பகிடியாகத்தான் கேட்டேன். கடை முழுக்கக் கேட்டது.

வாசுகியின் முகம் வெளிறிப் போனது. "டீபொட்டுக்குத்தான்," என்றார். நூலைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று போக, நான் பின்னால் ஓடினேன்.

"தங்கச்சி, நில்லுங்கோ! நான் ஏதும் பிழையாச் சொல்லிப் போட்டனோ?"

"ஒண்டுமில்லை அக்கா."

எங்கள் பெண்கள் "ஒண்டுமில்லை" என்றால் அதற்குள் ஒரு மூட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? விடவில்லை. ஒழுங்கை மூலையில் இருந்த தேநீர்க் கடைக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பிளேன்டீ, இரண்டு மீன் ரோல்ஸ். ரோல்ஸை அவர் தொடவில்லை. தேநீரில் ஒரு மிடறு குடித்து விட்டுச் சொன்னார்.

"என்ரை தங்கச்சி ஒஸ்லோவிலை இருக்கிறாள். கலியாணம் கட்டிப் பதினொரு வருசம்."

"ம்..."

"முதல் முறை வயித்திலை பிள்ளை தங்கினவுடனை நான் பன்னிரண்டு சட்டை தைச்சு அனுப்பினனான். ஐஞ்சாம் மாதத்திலை இல்லையெண்டு போச்சு. ரெண்டாம் முறை தைக்கேல்லை. பாக்க வடிவா இருக்கெண்டு ஒரு சோடி சொக்ஸ் மட்டும் வாங்கி அனுப்பினன். அதுவும்..."

ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

இப்போது மூன்றாவது முறை. எட்டாம் மாதம் நடக்கிறது.

"இந்த முறை நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. ஒருத்தருக்கும் வாயாலை சொல்லேல்லை. அங்கை போய் நிக்க வேலையிலை லீவுக்குக் கூட எழுதிப் போடேல்லை. லீவு ஃபோமிலை காரணம் எழுத வேணுமெல்லே? விசா ஃபோமும் அப்பிடித்தான்... என்னத்துக்குப் போறீர் எண்டு கேக்கும்."

"அப்ப இந்த நூல்?"

"கை சும்மா இருக்குதில்லையே! அங்கை இப்ப மைனஸ் பதினைஞ்சு. பிள்ளையின்ரை தலையிலை என்ரை கையாலை பின்னினது ஒண்டு இருக்க வேணும் போலை கிடக்கு. எங்கட ஃபிளட்ஸிலை இருக்கிற அன்ரி ஒராள் இந்த மாதக் கடைசியிலை ஒஸ்லோ போறா. அவவிட்டைக் குடுத்து விட்டாத்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். ஆனா பிறக்க முன்னம் தொப்பி பின்னிறன் எண்டு சொல்லப் பயமா இருக்கு. அதுதான்..."

அதுதான் டீபொட் மூடி.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. அவர் கண்ணுக்குக் கண்ணாக மூடி வைத்திருந்ததை, ஒரு கடை முழுக்கக் கேட்கும்படி ஏலம் போட்டவள் நான்தானே!

இதெல்லாம் என்ன மூடநம்பிக்கை என்று உங்களில் சிலர் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும் மனுஷி அவர். இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கும் உங்களுக்கும் படித்துச் சொல்கிறவர். அவருக்குத் தெரியாத விஞ்ஞானமா?

அதோடு, நாங்கள் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தானே? படலையைத் தாண்டும்போது "போறன்" என்று சொல்கிறோமா? "போட்டு வாறன்" என்கிறோம். வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்னும் மோசம். விமானத்தில் ஏறி சீட் பெல்ட் போட்ட பிறகுதான் சொந்தத் தம்பிக்கே செய்தி போகும். என் பக்கத்து வீட்டுக்காரர் கனடா போனது எனக்கு எப்போது தெரிந்தது? அவர் அங்கே வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்ற படத்தை ஃபேஸ்புக்கில் பார்த்தபோதுதான். அதுவரை அவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நன்றாக நடக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுவதை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது சனிக்கிழமை. காலையில் என் ஷோகேஸைத் திறந்தேன். இரண்டு பேருக்கு அளவான சின்ன வெள்ளை டீபொட் ஒன்று இருந்தது. அதை ஒரு துவாயில் சுற்றினேன்.

"டீபொட்டை எங்கை கொண்டு போறீர்?" கணவர்.

"வகுப்புக்கு."

"அங்கை தேத்தண்ணியும் தருவினமோ?"

"ஓமப்பா, பிஸ்கட்டும் தருவினம். பேசாமல் இருங்கோ."

கொண்டுபோய் வாசுகிக்கு முன்னால் மேசையில் வைத்தேன். "அளவு பாக்க ஒண்டு வேணுமெல்லே? இதுக்குப் பின்னுங்கோ," என்றேன். முதல் வாரம் திறந்த வாயை நான் இந்த ஒரு வழியில்தான் மூட முடியும். வாசுகி என்னைப் பார்த்தார், டீபொட்டைப் பார்த்தார். "தாங்ஸ் அக்கா," என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

ஜெனிட்டா டீச்சர் வந்தார். டீபொட்டைப் பார்த்தார். மஞ்சள் நூலைப் பார்த்தார். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார். பிறகு டீபொட்டின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார்.

"நல்ல டீபொட். கொஞ்சம் லூஸா பின்னுங்க மிஸ். வளரும்."

ரிஸானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"ரெண்டு பக்கமும் காது மூடுற மாதிரி இறக்கி விடணும். கட்டுறதுக்குக் கயிறும் வைக்கணும். இந்த மாதிரி டீபொட்டெல்லாம் ஒரு எடத்துல சும்மா இருக்காது, தலைய ஆட்டி மூடியத் தள்ளி விட்டுரும்."

அன்றைக்கே எட்டுப் பேருக்கும் விளங்கி விட்டது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. தமிழ் தெரியாத சந்தானி கூட, நூல் எடுக்க எழுந்து போகிற வழியில் டீபொட்டை ஒருமுறை தொட்டு விட்டுப் போனாள். வகுப்புக்கு வருகிறவர்கள் "டீபொட் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். "நல்லா இருக்காம். நேத்து செக்கப்," என்று வாசுகி பதில் சொல்வார். எவருக்கும் அதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை.

இடையில் என் பையின் கதையையும் சொல்லி விடுகிறேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கடைசித் தையலை நான் விட்டு விட்டுத் திரும்பியிருக்கிறேன். வரிக்கு வரி ஒரு தையல் குறைந்து, சதுரமாக வர வேண்டிய பை முக்கோணமாக வந்தது. கணவர் அதைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, சமோசாவோ?"

அவருடைய பையின் ஸிப்பை இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போட முடிவு செய்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை தொப்பி ஏறக்குறைய முடிந்து விட்டது – மன்னிக்கவும், மூடி. சிப்பி சிப்பியாக, ஓரமெல்லாம் பூ விட்டு, என்ன அழகு! டீச்சர் தன் நாற்பது வருட வித்தையையும் அதில் சொல்லிக் கொடுத்திருந்தார். வாசுகி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் "ஆ..." என்றோம்.

அப்போது ரிஸானா கேட்டாள்.

"டீச்சர், இவளவு ஓட்ட இருந்தா டீ ஆறிப் பெய்த்திடுமே?"

வாசுகி ஒரு விரலை விட்டுப் பார்த்தார். விரல் மறுபக்கம் வந்தது.

டீச்சர் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார். "அந்தோனியாரே... நாப்பது வருஷமா நா ஓட்டைதானே பின்றேன்!"

கொழும்புக்காரர் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. எங்களுக்கு ஓட்டைதான் அழகு. லேஸ் திரைச்சீலை, லேஸ் விரிப்பு, சுவரில் காற்றுக்கு விட்ட பூக்கல்... எல்லாவற்றிலும் காற்று வர வேண்டும். அந்த மேசையைச் சுற்றியிருந்த எட்டுப் பேரும், டீச்சரும், குளிர் என்றால் என்ன என்று உடம்பால் அறியாதவர்கள். எங்களில் அதிகக் குளிரைக் கண்டவள் ரிஸானா. அவளும் ஒரு பகல் நுவரெலியாவுக்குப் போய் வந்தவள்தான். மைனஸ் பதினைந்துக்கு நாங்கள் ஜன்னல் வைத்துத் தொப்பி பின்னியிருந்தோம்.

அவிழ்க்க வேண்டும். வேறு வழியில்லை. அன்ரியின் விமானம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இடையில் இருப்பது ஒரேயொரு வாரம்.

குரோஷேயில் ஒரு கொடுமை உண்டு. மூன்று வாரம் பின்னியதை ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மூன்று நிமிடத்தில் நூலாகி விடும். வாசுகி அந்த நுனியைப் பிடித்தார். இழுக்கவில்லை.

"அக்கா," என்றார் என்னிடம், மெல்ல. "பின்னினதை அவிழ்க்கிறது... எனக்குச் சரியாப் படேல்லை. வேண்டாம் அக்கா. இப்பிடியே அனுப்புவம்."

பன்னிரண்டு சட்டையும் ஒரு சோடி சொக்ஸும் என் கண் முன்னால் வந்து நின்றன.

டீச்சர்தான் எழுந்து வந்தார். வாசுகியின் தோளில் கை வைத்தார்.

"எதுக்குங்க பயம்? டீபொட் மூடிதானே? டீபொட் மூடிய நூறு தடவ அவுக்கலாம், நூறு தடவ பின்னலாம். அதுல ஒண்ணுமே இல்ல. இழுங்க."

வாசுகி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இழுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை இந்த டீபொட் நாடகம் எனக்கு ஒரு அன்பான விளையாட்டாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது அந்தப் பெண்ணை எப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று கண்டேன். தொப்பி என்று சொல்லியிருந்தால் அவரால் ஒரு தையலைக் கூட அவிழ்த்திருக்க முடியாது.

அந்த வாரம் வாசுகி வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்குப் போகிற பஸ்ஸில் பின்னினார். லேப்பில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னினார். இரட்டை நூல், நெருக்கமான தையல். புதன்கிழமை எனக்கு போன் வந்தது. "அக்கா, உச்சி முடிஞ்சுது!" வியாழன்: "நெத்தி வரைக்கும் வந்திட்டன்!" எனக்கே பரீட்சை முடிவு கேட்பது போல இருந்தது.

நான்காவது சனிக்கிழமை எங்கள் எட்டு புரொஜெக்ட்டில் ஏழு மூலைக்குப் போனது. டீச்சர் காதுப் பக்கம் இறக்கக் காட்டிக் கொடுத்தார். ரிஸானா கட்டுவதற்குக் கயிறு முறுக்கினாள். முடிந்ததும் சந்தானி ஒரு காரியம் செய்தாள். கடைக்காரரின் கேத்திலில் கொதித்த தண்ணீரை என் டீபொட்டில் ஊற்றி, மஞ்சள் மூடியைப் போட்டுக் கட்டி, மணியைக் காட்டினாள். ஒரு மணித்தியாலம் எல்லோரும் காத்திருந்தோம். திறந்து, ஆளுக்கு ஒரு விரல் தொட்டோம்.

சுட்டது! கை தட்டினோம். முன்னால் பொத்தான் வாங்கிக்கொண்டு நின்ற ஒரு அம்மா எங்களை எட்டிப் பார்த்து விட்டுப் போனார்.

அன்று மாலை பார்சல் அன்ரியிடம் போனது. அன்ரியும் லேசுப்பட்டவரல்ல.

"உள்ளுக்கு என்ன பிள்ளை?"

"டீபொட் மூடி அன்ரி."

"உதையோ இஞ்சையிருந்து காவிக்கொண்டு போறது? நான் மிளகாய்த் தூளையே பாதி எடுத்து வெளியிலை வைச்சிட்டு நிக்கிறன்!"

ஆனாலும் வாங்கிக்கொண்டாராம். வாசுகி தங்கைக்கும் போனில் அதையேதான் சொன்னார். ஒரு டீபொட் மூடி வருகிறது, எடுத்துக்கொள். "ஓம் அக்கா," என்றாளாம் அவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் படம் வந்தது. ஐந்தாவது சனிக்கிழமை வாசுகி போனை மேசையில் வைத்தார். எட்டுத் தலைகள் குனிந்தன.

ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே மேசையில் ஒரு நீல டீபொட். அதன் தலையில் எங்கள் மஞ்சள் தொப்பி. காது இரண்டும் கைபிடிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்றாக இறங்கியிருந்தன. கயிறு அழகாகக் கட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: "அக்கா, நல்ல அளவு. தேத்தண்ணி ஆறேல்லை."

எனக்கு வந்ததே கோபம்!

"விளங்கேல்லை! அவளுக்கு விளங்கவேயில்லை! விளங்கினவள் டீபொட்டிலை போடுவாளோ? போனை எடுத்துச் சொல்லுங்கோ, அது தொப்பியெண்டு!"

"எப்பிடி அக்கா சொல்லுறது? இன்னும் ரெண்டு கிழமை இருக்கு."

"அதுக்குள்ளை தேயிலைச் சாயம் பிடிச்சிடும்!"

வாசுகி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நானே பொய்யைச் சொல்லி நானே கெடுத்துப் போட்டன் அக்கா. பிள்ளைக்கு ஆஸ்பத்திரித் தொப்பிதான் போடுவினம். இது அங்கை குசினியிலை கிடக்கும்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தார். அன்றைக்கு அவர் பின்னியது ஒன்றும் இல்லை, சும்மா சங்கிலி... மேசை நீளத்துக்கு ஒரு சங்கிலி.

அந்த வாரம் முழுக்க நான் ஒஸ்லோவில் இருக்கும் ஒரு டீபொட்டோடு கோபித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சாட்சி.

ஆறாவது, கடைசிச் சனிக்கிழமை. பத்து மணிக்கு வாசுகி இல்லை. பத்தரைக்கும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று ரிஸானா சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி விட்டாள். டீச்சர் பேசவில்லை. அவர் பேசாமல் பின்னுவதை அன்றைக்குத்தான் பார்த்தோம். நான் ஒரே வரியை மூன்று தரம் பிழையாகப் பின்னி மூன்று தரம் அவிழ்த்தேன்.

பதினொரு மணிக்கு வாசுகி வந்தார். தலை கலைந்து, செருப்பு இழுபட, ஓடி வந்திருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"பிறந்திட்டுது," என்றார். "பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்."

டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டார். ரிஸானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். சந்தானி "அனே!" என்று வாசுகியைக் கட்டிப் பிடித்தாள். நான் ஓவென்று அழுது விட்டேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஓவென்றுதான்.

போனில் படம் இருந்தது. பிறந்து நாலு மணித்தியாலம். கண் மூடிய சின்ன முகம், மூக்கு வாசுகியின் மூக்கு. தலையில் மஞ்சள் தொப்பி. காது இரண்டும் மூடி, நாடிக்குக் கீழே கயிறு கட்டி. கொஞ்சம் லூஸ்தான்.

இதை எழுதலாமா என்று அந்த இடத்திலேயே கேட்டேன். "இனி எழுதலாம் அக்கா. பேரை மட்டும் மாத்துங்கோ," என்றார். மாற்றியிருக்கிறேன். லீவுக்கும் அவர் நேற்று எழுதிப் போட்டு விட்டார். காரணம் என்ற இடத்தில் கோடு போதவில்லையாம்.

ஆனால் எனக்கு ஒன்று தீர வேண்டும் அல்லவா?

"டீபொட்டிலை போட்டு வைச்சிருந்தவள்... பிறகு எப்பிடித் தொப்பியெண்டு கண்டு பிடிச்சவளாம்?"

"நானும் அதைத்தான் அக்கா கேட்டன்," என்றார் வாசுகி. "அதுக்கு அவள் சொல்லுறாள்... 'எங்கட வீட்டிலை ஏதக்கா டீபொட்? பக்கத்து வீட்டு மனுசியிட்டை இரவல் வாங்கித்தான் அந்தப் படத்தை எடுத்தனான்.'"

நான் என்றால் முதல் நாளே போன் எடுத்துக் கேட்டுக் கெடுத்திருப்பேன்.